கோப்பின் மேல் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்: 'ஹை ரிஸ்க்' என்றால் என்ன அர்த்தம்?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். அவருக்கு 37 வயது. ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) சிகிச்சையில் முதல் முறையாகக் கரு தங்கியிருக்கிறது. இப்போது 14 வாரம். பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கும் பிரசவங்களில் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய மருத்துவமனையில் பதிவு செய்யப் போயிருக்கிறார். ஐந்தாறு கேள்விகள் கேட்ட செவிலியர், கோப்பின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "நீங்க ஹை ரிஸ்க், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

அதே வாரம் அங்கே பதிவு செய்த 26 வயது நாத்தனாருக்குப் பச்சை ஸ்டிக்கர். "ஒரே வீட்டில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் படி ஏறினால்கூட ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அந்தக் கோப்பை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். குழந்தைக்குக் குறை இருக்கும் என்று அர்த்தமா, சிசேரியன்தான் ஆகுமா, சொல்கிற எல்லா டெஸ்ட்டையும் எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறார். கடைசியாக ஒன்றையும் கேட்கிறார்: வேறு மருத்துவமனையில் வயதைக் குறைத்துச் சொல்லி, ஐவிஎஃபை மறைத்துப் பதிவு செய்தால் மற்றவர்களைப் போல் தன்னையும் நடத்துவார்களா?

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த சந்தோஷத்தின் மேல் முதல் நாளே ஒருவர் சிவப்பாக எதையோ ஒட்டி அனுப்பினால் யாருக்கும் அப்படித் தோன்றும். ஆனால் குரோமோசோம் கோளாறுக்கான ரத்தப் பரிசோதனை முடிவைக் கணக்கிடும்போதே தாயின் வயதையும் அதில் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். வயதை மாற்றிச் சொன்னால் விடையும் மாறிவிடும். ஐவிஎஃப் விவரமும் அதேபோலத்தான். சிகிச்சையில் வேறொரு பெண்ணின் கருமுட்டையைப் பயன்படுத்தியிருந்தால், கணக்கில் சேர வேண்டியது உங்கள் வயது அல்ல, முட்டை கொடுத்தவரின் வயது. இதெல்லாம் தெரியாமல் ஒரு மருத்துவர் உங்களுக்கு எடுக்கும் முடிவு வேறு யாருக்கோ எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது அந்த ஸ்டிக்கருக்கு வருவோம்.

இந்தப் பிரிவுகள் எப்படி வந்தன

எந்த நாட்டிலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பக்கத்திலேயே நிபுணர், ரத்த வங்கி, அறுவை அரங்கு, பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சை என்று எல்லாவற்றையும் கொடுக்க முடிவதில்லை. இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வியிலிருந்துதான் பிரிவுகள் பிறந்தன. 1978-ல் உலக சுகாதார நிறுவனம் தாய்சேய் நலத்துக்கு 'ஆபத்து அணுகுமுறை' என்ற ஒன்றை முன்வைத்தது. எல்லோருக்கும் அடிப்படைக் கவனிப்பு, தேவை கூடியவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு என்பது அதன் சாரம். நல்ல நோக்கம்தான். வயது, உயரம், எத்தனையாவது பிரசவம், முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போட்டு, அதன்படி பெண்களை முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கியது என்பதற்கு காங்கோவில் (அப்போது ஜயர்) கசோங்கோ என்ற இடத்தில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 1970களின் முதல் பாதியில், பிரசவம் தடைபட்டு நின்றுவிடும் ஆபத்து யாருக்கு என்று முந்தைய பிரசவ வரலாற்றை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஆபத்து என்று குறித்த பெண்களில் 90 சதவீதம் பேருக்கு ஒரு தடையும் வரவில்லை. உண்மையிலேயே பிரசவம் தடைபட்ட பெண்களில் 71 சதவீதம் பேர் ஆபத்துப் பட்டியலிலேயே இல்லை. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் சேர்த்து யோசித்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் பயந்தது வீண். பச்சை ஒட்டியவர்களிலிருந்துதான் பெரும்பாலான விபத்துகள் வந்தன.

இப்படிப்பட்ட அனுபவங்கள் சேர்ந்துதான், 1997-ல் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மைக்கான சர்வதேசக் கலந்தாய்வு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஆபத்துக்கு இடமுண்டு என்பதைத் தன் முக்கியச் செய்திகளில் ஒன்றாக அறிவித்தது. பெண்களை முன்கூட்டியே பிரிப்பதைவிட, எல்லாப் பிரசவத்துக்கும் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருப்பதும், அவசரம் வந்தால் உடனே சிகிச்சை கிடைப்பதும்தான் உயிரைக் காக்கும் என்ற பக்கம் கொள்கை நகர்ந்தது. ஆனால் பட்டியல்கள் போய்விடவில்லை. வரிசையை ஒழுங்கு செய்ய அவை இன்றும் தேவைப்படுகின்றன. வரிசைக்காகப் போட்ட அடையாளத்தை ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய தீர்ப்பாகச் சொல்லி அனுப்புவதுதான் எனக்கு வருத்தம்.

35 என்ற கோடு யார் போட்டது

முதல் கர்ப்பத்தில் 35-ஐத் தாண்டியவர் 'வயது முதிர்ந்தவர்' என்று 1958-ல் மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வரையறுத்தது. பிறகு 1970களில், ஊசி மூலம் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் அம்னியோசென்டெசிஸ் பரிசோதனை பரவியபோது, அந்த 35 இன்னும் அழுத்தமாகப் பதிந்தது. காரணம் இதுதான்: அந்த ஊசியால் கரு கலையும் வாய்ப்பு அன்றைக்குச் சுமார் 200-ல் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஏதாவது ஒரு குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய அந்த அளவை எட்டும் வயது 35. பரிசோதனைக்கூடங்களும் அப்போது கொஞ்சமாகத்தான் இருந்தன. இரண்டையும் வைத்து ஒரு கோடு போட்டார்கள். 34 வயது 11 மாதத்தில் இருக்கும் பெண்ணின் உடம்பு பிறந்தநாள் அன்று காலையில் எதுவும் மாறிவிடுவதில்லை. ஆபத்து மெல்ல மெல்ல ஏறும் ஒரு சரிவு. படிவத்தில் சரிவை எழுத இடமில்லை, ஆம் அல்லது இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. 2007-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பே, இந்தப் பரிசோதனைகளை வயது பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் வழங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இன்னொரு உதாரணம் உங்களுக்கு நேரடியாகவே பொருந்தும். ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயைத் தடுக்க, சில பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறோம். யாருக்கு என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வயதுக் கோட்டை 40-ல் போட்டிருக்கிறது. அதன்படி முதல் கர்ப்பம் என்ற ஒரே காரணம்தான் உங்களுக்குச் சேரும், அது மட்டும் போதாது, ஆஸ்பிரின் இல்லை. அமெரிக்காவின் 2021 வழிகாட்டுதலில் கோடு 35-ல் இருக்கிறது, ஐவிஎஃபும் பட்டியலில் உண்டு. அதன்படி உங்களுக்கு மூன்று காரணங்கள், ஆஸ்பிரின் உண்டு. அதே பெண், அதே ரத்தம், அதே குழந்தை. விமானம் ஏறி இறங்கினால் பிரிவு மாறிவிடுகிறது. அந்த அமெரிக்கப் பட்டியலில் கறுப்பினப் பெண்களும் குறைந்த வருமானம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். கறுப்பினம் என்பதைச் சேர்த்ததற்குக் காரணம் உடற்கூறு இல்லை, அவர்கள் வாழும் சமூக நிலைமைதான் என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. அதாவது ஒருவருடைய உடம்பில் உள்ளது மட்டுமல்லாமல் அவருக்கு வெளியே உள்ளதும் சேர்ந்துதான் இந்தப் பட்டியல்களில் அவர் பெயரில் எழுதப்படுகிறது.

ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும் என்பதால், இந்த வாரமே மருத்துவரிடம் "எனக்கு இது தேவையா?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் உங்களுக்குத் தரக்கூடிய உருப்படியான பலன் இதுபோன்றதுதான்.

குழந்தைக்குக் குறை இருக்குமா?

குரோமோசோம் கோளாறுகளில் ஒன்று டவுன் சிண்ட்ரோம். 25 வயதுத் தாய்க்கு அது உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1,250-ல் ஒன்று. 37 வயதில் அது ஏறக்குறைய 220-ல் ஒன்று. ஐந்து மடங்குக்கும் மேல் என்று சொன்னால் நெஞ்சு படபடக்கும். உங்களைப் போன்ற 220 பேரில் 219 பேருக்கு அந்தக் கோளாறு இருக்காது என்று சொன்னால் தூக்கம் வரும். இரண்டும் ஒரே உண்மைதான். "உங்களுக்கு இத்தனை மடங்கு ஆபத்து" என்று யார் சொன்னாலும், "நூறு பேரில் எத்தனை பேருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் 1985-ல் இதே டவுன் சிண்ட்ரோமை வைத்து ஒன்றை விளக்கினார். வயது கூடிய தாய்களுக்கு ஆபத்து அதிகம், ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு. இளம் தாய்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் அவர்கள் எண்ணிக்கை மிக அதிகம். அதனால் அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 30 வயதுக்குக் கீழுள்ள 'ஆபத்து இல்லாத' தாய்களுக்குத்தான் பிறந்தார்கள். உங்கள் நாத்தனாரின் பச்சை ஸ்டிக்கரையும் உங்கள் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மாமியாருக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். முடிந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய பார்வையில் இருப்பது குற்றச்சாட்டு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

பரிசோதனை விஷயத்தில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்ப்பது சல்லடைப் பரிசோதனை. அது சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், முடிவு சொல்லாது. உறுதி செய்வது அம்னியோசென்டெசிஸ். 15 வாரத்துக்குப் பிறகு செய்வார்கள். அதனால் கரு கலையும் வாய்ப்பு இன்று அந்தக் காலத்தைவிடக் குறைவு, ஆனாலும் பூஜ்யம் இல்லை. இரண்டில் எதற்கும் ஒப்புக்கொள்ளும் முன்பு நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று உண்டு: விடை தெரிந்தால் என்ன செய்வோம்? எதுவானாலும் பெற்றுக்கொள்வோம் என்றாலும் முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு வேதனை. இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை.

நீங்கள் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம்

ஹை ரிஸ்க் என்று எழுதிவிட்டதால் உங்கள் சம்மதம் தேவையில்லாமல் போய்விடாது. எந்தப் பரிசோதனை, எதற்காக, செய்யாவிட்டால் என்ன, செய்தால் என்ன கெடுதல் என்று விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். குரோமோசோம் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னதற்காக மற்றக் கவனிப்பை நிறுத்துவது மருத்துவ நெறி ஆகாது. ஐவிஎஃப் விவரத்தை உங்கள் அனுமதி இல்லாமல் உறவினர்களிடம் சொல்லக் கூடாது என்று மருத்துவமனையிடம் தெளிவாகவே சொல்லிவையுங்கள்.

ஆனால் மறுப்பதிலும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பது, சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், சுகர், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் ஆகியவற்றைத் தவிர்க்காதீர்கள். 35-ஐத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பகாலச் சுகரும் பிரஷரும் வரும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுதல். ஐவிஎஃப் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருப்பதும் சற்று அதிகம். ஸ்டிக்கர் தீர்ப்பு இல்லை என்பதால் அது பொய் என்று ஆகிவிடாது.

சிசேரியன் நிச்சயம் என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. இந்த வயதில் அது கூடுதலாக நடக்கிறது என்பது உண்மை, ஆனால் வயது மட்டுமே கத்தி வைக்கக் காரணம் ஆகாது. குழந்தையின் நிலை, தலை இறங்குவது, உங்கள் பிரஷர் என்று அந்தந்த நேரத்து நிலைமைதான் முடிவு செய்யும். 39-வது வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைப் பற்றி உங்களிடம் பேசலாம். 35-ஐத் தாண்டிய முதல் பிரசவப் பெண்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்து 2016-ல் வெளியிட்டார்கள். அப்படி வலி வரவழைத்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் சிசேரியன் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, இரண்டு பக்கமும் மூன்றில் ஒருவர். மற்றவர்கள் சிசேரியன் இல்லாமலே பெற்றார்கள்.

இன்னொன்று. குழந்தையின் அப்பாவுக்கு என்ன வயது என்று பெரும்பாலான படிவங்கள் கேட்பதே இல்லை. அப்பாவின் வயது கூடும்போது விந்தணுவில் புதிய மரபணுப் பிழைகள் கூடுவது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சிவப்பு ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் மட்டும்தான் ஒட்டுகிறது. பிரிவுகளைப் போடுகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதோடு எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

எங்கே பிரசவம் பார்ப்பது

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். ஸ்டிக்கர் உண்மையில் பதில் சொல்ல முயலும் கேள்வியும் இதுதான்.

பயிற்சிக் காலத்தில் பார்த்த ஒரு பிரசவம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 24 வயதுப் பெண், பட்டியலில் ஒரு குறியும் இல்லாதவள். சுகப்பிரசவம், குழந்தை அழுதாயிற்று, நஞ்சுக்கொடியும் விழுந்தாயிற்று. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் கழித்து மூத்த செவிலியர் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். கருப்பை சுருங்காமல் ஈர மாவு மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே சொட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் கருப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மருந்து கேட்டார், ரத்தம் கேட்டார். அந்தக் கட்டடத்திலேயே ரத்தம் இருந்தது, அவள் பிழைத்தாள். பிரசவத்துக்குப் பிறகு இப்படி ரத்தம் போகும் பெண்களில் பலருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

அதனால் உங்கள் பக்கத்து மருத்துவமனையிடம் ஸ்டிக்கரைப் பற்றி வாதாட வேண்டாம், வேறு கேள்விகளைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து மருத்துவர் இருப்பாரா? ரத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? குறைமாதக் குழந்தை பிறந்தால் யார் பார்ப்பார்கள்? பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டி வந்தால் வண்டி தயாராக எவ்வளவு நேரம்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவரோடு பேசலாம். மழுப்பினால் வேண்டாம்.

முழுக்கப் பெரிய மருத்துவமனைக்கு மாறுவது பாதுகாப்பு, ஆனால் போக வர மூன்று மணி நேரம், ஒவ்வொரு முறையும் புது முகம், கடைசி மாதத்தில் அலைச்சல். என் யோசனை இரண்டையும் சேர்ப்பது. மாதாந்திரப் பரிசோதனைகளைப் பக்கத்திலேயே பாருங்கள், முக்கிய ஸ்கேன்களையும் பிரசவத்தையும் பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள். 36-37 வாரத்திலிருந்து அதன் அருகில் தங்க முடியுமா என்று இப்போதே யோசித்துவையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கோப்பைக் காட்டுங்கள். அந்தக் கோப்பு துணிகளுக்கு அடியில் இருந்தால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம், உங்கள் நாத்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பச்சை ஸ்டிக்கரை நம்பி எந்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல்வயிற்றில் வலி, ரத்தக்கசிவு, நீர் உடைவது, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அதே நாளில், ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது உங்கள் இருவருக்கும் ஒரே பட்டியல்தான்.

அடுத்த முறை போகும்போது கோப்பை நீட்டி, "எந்தக் காரணத்துக்காக இந்த ஸ்டிக்கர், அதற்காக எனக்கு என்ன கூடுதலாகச் செய்யப்போகிறீர்கள்? இரண்டையும் இதிலேயே எழுதிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், ஆஸ்பிரின் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.